அபாயச் சங்கிலியும் அபராதப் பலகையும்

நம் சங்க இதழில் இதுவரை நான் எழுதியவை பெரும்பாலும் ரயில்வே அனுபவங்கள்தாம். இம்முறை பொருள் வேறு. இன்டர்நெட் வழியாகக் குழந்தைகளுக்கு நேரும் கொடுமைகளைப் பற்றியும், அவற்றைத் தடுப்பதில் குடும்பத்துக்கும் நம் போன்ற சங்கங்களுக்கும் உள்ள பொறுப்பைப் பற்றியும் எழுத நினைக்கிறேன். எழுதத் தயக்கம்தான். ஆனால் எழுதாமல் இருப்பது அதைவிடப் பெரிய தவறு என்று என் மனம் சொல்கிறது.

நாகர்கோவிலில் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் சேர்ந்து, திருவனந்தபுரம் கோட்டத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே நான் அறிந்த ஒரு பொருளிலிருந்தே தொடங்குகிறேன். ரயில் பெட்டியில் ஜன்னலுக்கு மேலே தொங்கும் அபாயச் சங்கிலியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை இழுத்தால் பிரேக் குழாயில் உள்ள காற்று வெளியேறுகிறது, அழுத்தம் குறைகிறது, பிரேக் பிடிக்கிறது. இழுத்தவர் நல்லவரா கெட்டவரா, டிக்கெட் வாங்கினாரா இல்லையா என்று அந்தச் சங்கிலி கேட்பதில்லை. முதலில் வண்டி நிற்கும். விசாரணை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதே சங்கிலிக்குப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் எழுதியிருக்கும். தகுந்த காரணமின்றி இழுத்தால், 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி 1000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை. இது அவசியமான எச்சரிக்கைதான். ஆனால் இதைப் பார்த்துப் பயந்து, கண்முன்னே ஆபத்து நேரும்போதுகூடச் சங்கிலியில் கை வைக்கத் தயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் வீடுகளில் குழந்தைகளுக்கு நாம் சங்கிலியைக் கொடுக்காமல் அபராதப் பலகையை மட்டும் மாட்டி வைத்திருக்கிறோமோ என்பதுதான் என் கேள்வி.

எங்கள் குடும்பத்தில் நடந்தது

எங்கள் குடும்பத்துச் சிறுவன் ஒருவன், வயது பதிமூன்று. பெயரும் உறவுமுறையும் எழுத மாட்டேன். அவனும் அவன் பெற்றோரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன்.

கொடியில் தொங்கும் என் சட்டைப் பையிலிருந்து பணம் குறையத் தொடங்கியது. முதலில் இருநூறு, பிறகு ஐந்நூறு. பென்ஷன் எடுத்துவந்த மறுநாள் இரண்டாயிரம் காணவில்லை. அவன் புத்தகப் பையில் ஒரு கிஃப்ட் கார்டு ரசீது அகப்பட்டது. கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறான் என்று முடிவுகட்டி, வீட்டார் அனைவர் முன்னிலையிலும் அவனைத் திருட்டுப் பயல் என்று திட்டினேன். கையும் ஓங்கிவிட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மூன்றாம் நாள் இரவு அவன் தாயார் விளக்கை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "என்ன நடந்திருந்தாலும் அம்மா உன் பக்கம்தான் மக்ளே, சொல்லு" என்றாள். அதன் பிறகுதான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

ஒரு விளையாட்டில் அறிமுகமான 'பெண்', தனக்குப் பதினான்கு வயது என்று சொல்லியிருக்கிறாள். சில வாரம் பள்ளிக்கூடம், சினிமா, கிரிக்கெட் என்று பேச்சு. பிறகு அந்தரங்கமான ஒரு படத்தை அனுப்பி, பதிலுக்கு இவன் படத்தைக் கேட்டிருக்கிறாள். விவரம் தெரியாத வயது, அனுப்பிவிட்டான். ஐந்தே நிமிடத்தில் பேச்சின் தொனி மாறியது. பணம் அனுப்பாவிட்டால் இந்தப் படம் உன் வகுப்புத் தோழர்களுக்கும் உறவினர்களுக்கும் போகும் என்ற மிரட்டல். கூடவே அவர்கள் பெயர்ப் பட்டியல். மூன்று வாரம் அந்தப் பிள்ளை தனியாக இந்த நெருப்பை வயிற்றில் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். அந்தக் கணக்கின் பின்னால் இருந்தது பெண்ணே அல்ல என்பது பின்னர் தெரிந்தது.

முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று பிறகு அமைதியாகக் கேட்டேன். "அவனைவிடத் தாத்தாவுக்குத்தான் அதிகம் பயந்தேன்" என்றான்.

முப்பத்தைந்து ஆண்டு பாதுகாப்பு, பாதுகாப்பு என்று வேலை பார்த்தவனுக்கு இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு வேண்டுமா? அந்த மிரட்டல்காரனுக்கு என் வீட்டுக்குள்ளேயே ஒரு கூட்டாளி இருந்திருக்கிறான். அந்தக் கூட்டாளி என் கோபம்தான்.

எப்படி நெருங்குகிறார்கள்?

இவர்கள் ஓடும் வண்டியில் ஏறுவதுபோல் திடீரென்று வருவதில்லை, படிப்படியாக வருகிறார்கள். முதலில் பிள்ளைகள் கூடும் இடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: விளையாட்டுகள், படங்கள் பகிரும் தளங்கள். அடுத்தது புகழ்ச்சியும் அனுதாபமும். 'உன்னை உன் வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை' என்ற பேச்சு. மூன்றாவது, எல்லோரும் பார்க்கும் இடத்திலிருந்து தனிப்பேச்சுக்கு அழைத்துச் செல்வது. நான்காவது, 'இது நமக்குள் இருக்கட்டும்' என்று ஒரு சிறு ரகசியம். ஐந்தாவது படம் கேட்பது. ஆறாவது மிரட்டல். சிலர் பணம் கேட்பார்கள். சிலர் மேலும் மேலும் படம் கேட்பார்கள். சிலர் நேரில் வரச் சொல்வார்கள்.

எல்லோரும் முகம் தெரியாத அயலார் என்றும் நினைத்துவிட வேண்டாம். தெரிந்தவர், உறவினர், பாடம் சொல்லிக்கொடுப்பவர் என்று குழந்தையின் பக்கத்திலேயே இருப்பவர் படம் எடுத்து மிரட்டுவதும் உண்டு. பெண்குழந்தைகளுக்கு மட்டும்தான் இந்த ஆபத்து என்பதும் தவறான எண்ணம்.

இதற்கு நம் ஊர் விலக்கல்ல. 2020 ஜூன் 1-ம் தேதி கேரளத்தில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. கொரோனா காலத்தில் படிப்பு நிற்காமல் இருக்க அது தேவைப்பட்டது. அதே காலத்தில் செல்போன் வகுப்புகளும் பெருகி, கையில் போன் இல்லாத குழந்தைக்கும் போன் வந்தது. அதே மாதம், கேரள போலீஸார் 'ஆபரேஷன் பி-ஹண்ட்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் நடத்திய சோதனையில், குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பகிர்ந்ததாக 47 பேர் கைதானார்கள். நல்ல உத்தியோகத்தில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. இந்த வேட்டைக்குப் பின்னால் இருந்தது, நம் டெக்னோபார்க் வளாகத்தில் 2016-ம் ஆண்டு தொடங்கிய போலீஸ் 'சைபர்டோம்' அமைப்பின் உழைப்பு.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் காணாமற்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் ஒன்று இருக்கிறது. பெரிய இணைய நிறுவனங்கள் தங்கள் தளங்களில் இத்தகைய படங்களைக் கண்டால் அங்கே தெரிவிக்கின்றன. 2019-ம் ஆண்டு நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அந்த மையத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, இந்தியா தொடர்பான தகவல்கள் இங்கே வந்து அந்தந்த மாநிலப் போலீஸுக்குப் போகின்றன. அந்த ஆண்டு டிசம்பரில் திருச்சியில் ஒருவர் கைதானது பலருக்கு நினைவிருக்கலாம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் யாருக்கும் தெரியாது என்ற காலம் போய்விட்டது.

சட்டம் குழந்தையின் பக்கம்

போலீஸ், கோர்ட் என்றாலே நமக்கு உதறல் எடுக்கிறது. 'பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுப்பார்கள், பெயர் பேப்பரில் வரும்' என்ற பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். நான் புரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது போக்சோ சட்டம். 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலருக்கும் இது பொருந்தும். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாதவர் வாங்க வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடன் இருக்கலாம். எந்தக் காரணத்தாலும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ பத்திரிகைகள் வெளியிடுவது குற்றம். எங்கள் வீட்டுக்கு வந்த பெண் அதிகாரி சாதாரணச் சேலையில், சொந்தக்காரி போலத்தான் வந்தார். மலையாளத்தில் கேட்டதற்குப் பையன் பாதி தமிழில் பதில் சொன்னான், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

இன்னொன்றும் நாம் அறிய வேண்டியது. இத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். 'அக்கம்பக்கத்து விவகாரம், நமக்கேன் வம்பு' என்று ஒதுங்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்கு வராது என்ற பாதுகாப்பும் அதே சட்டத்தில் இருக்கிறது.

இனி ஒரு முக்கியமான தீர்ப்பு. சென்னையைச் சேர்ந்த ஓர் இளைஞர் குழந்தைகளின் ஆபாசப் படங்களைத் தன் செல்போனில் இறக்கி வைத்திருந்தார். தனிமையில் வைத்துப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டு, அவர்மீதான வழக்கு தொடர வேண்டும் என்று கூறியது. அத்தகைய படத்தை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தின் கீழ்க் குற்றமாகலாம் என்றும் விளக்கியது. அவற்றை 'ஆபாசப் படம்' என்று சொல்வதுகூடத் தவறு, அது குழந்தைக்கு நேர்ந்த கொடுமையின் பதிவு என்பதும் நீதிபதிகளின் கருத்து. ஆகவே அன்பர்களே, 'எச்சரிக்கைக்காக' என்று எழுதி வாட்ஸ்ஆப் குழுவில் இப்படிப்பட்ட படம் வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அந்தக் குழந்தை மறுபடியும் அவமானப்படுகிறது.

மானம் என்னும் பூட்டு

பொள்ளாச்சி விவகாரத்தை நாம் எல்லோரும் 2019-ல் பத்திரிகைகளில் படித்தோம். பாதிக்கப்பட்டவர்கள் கல்லூரிக்குப் போகும் வயதுப் பெண்கள். சிறு குழந்தைகள் அல்லர். ஆனாலும் முறை ஒன்றுதான்: பழக்கம், நம்பிக்கை, வீடியோ, மிரட்டல். வெளியே சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்ற பயமே அந்தக் கயவர்களின் முதலீடு. ஒரு மாணவியும் அவர் வீட்டாரும் துணிந்து புகார் கொடுத்த பிறகுதான் எல்லாம் வெளிவந்தது. புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் அரசுத் தரப்பிலிருந்தே வெளியானது. அதற்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. மானம் போனது அந்தப் பெண்களுக்கு அல்ல, அந்த ஒன்பது பேருக்குத்தான். இந்த ஒரு வாக்கியத்தை நாம் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் இயல்பாகச் சொல்லப் பழகினாலே, மிரட்டுபவனின் பாதி பலம் போய்விடும்.

வீட்டில் செய்ய வேண்டியது

பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் 'சொன்னால் போன் போய்விடும்' என்பது குழந்தையைப் பொறுத்தவரை ஓர் அபராதம். அபராதம் உள்ள சங்கிலியை யார் இழுப்பார்? எங்கள் வீட்டில் இப்போது ஒரே ஒரு விதி: போன் சம்பந்தமாக எந்தத் தப்பைச் செய்திருந்தாலும், தானாக வந்து சொன்னால் திட்டு இல்லை, அடி இல்லை, போனும் போகாது. முதலில் வண்டியை நிறுத்துவோம். நல்லது கெட்டது பிறகு பேசுவோம்.

இத்துடன் சில சாதாரணப் பழக்கங்கள் போதும். இரவில் எல்லோர் போனும், பெரியவர்கள் போனும் சேர்த்து, கூடத்தில் சார்ஜ் ஏற வேண்டும். பிள்ளை என்ன விளையாடுகிறது, யாரோடு விளையாடுகிறது என்று குறுக்கு விசாரணையாக இல்லாமல், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் கேட்கலாம். திடீரென்று பேச்சு குறைவது, தூக்கம் கெடுவது, பணம் காணாமற்போவது, நாம் அருகில் போனதும் திரையை மறைப்பது இவையெல்லாம் சிவப்பு விளக்குகள். அந்த விளக்குகளைக் கண்டு நான் செய்தது தவறான விசாரணை; நீங்கள் அதைச் செய்யாதீர்கள். பள்ளிச் சீருடையோடு, பள்ளிப் பெயர் தெரிய, குழந்தையின் படத்தை ஸ்டேட்டஸில் போடுவதையும் குறைத்துக்கொள்வோம்.

ஆபத்து நேர்ந்துவிட்டால்:

1. குழந்தையிடம் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை: "சொன்னது நல்லது. இது உன் தப்பு அல்ல."

2. பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கேட்பது நிற்காது, கூடும்.

3. மிரட்டல் செய்திகளையும் அந்தக் கணக்கின் பெயரையும் போன் எண்ணையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். குழந்தையின் படத்தை மட்டும் நகல் எடுக்கவோ, உதவி கேட்பதற்காகக்கூட வேறொருவருக்கு அனுப்பவோ கூடாது.

4. 1098 என்பது குழந்தைகளுக்கான இலவச உதவி எண். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், குழந்தையே கூப்பிடலாம். உடனடி ஆபத்து என்றால் 112. பணம் போயிருந்தால் 1930. மத்திய அரசின் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம்.

5. படம் பரவாமல் தடுக்க, நான் முன்பு சொன்ன அமெரிக்க மையம் 2023 பிப்ரவரியில் தொடங்கிய 'டேக் இட் டவுன்' என்ற இலவச ஏற்பாடு இருக்கிறது. இதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை போன்ற எண் தயாராகிறது. அந்த எண் மட்டும்தான் போகும். கைரேகையிலிருந்து மனிதரின் முகத்தை வரைய முடியாததுபோல, அந்த எண்ணிலிருந்து படத்தைத் திரும்ப உண்டாக்க முடியாது. இதில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தக் கைரேகையோடு பொருந்தும் படத்தைத் தங்கள் பொதுப் பக்கங்களில் கண்டால் நீக்கிவிடும். எங்கள் பையனுக்கு இதை விளக்கிச் சொன்ன அன்றுதான் அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

சங்கம் செய்யக்கூடியது

நம் சமூகத்துக்கென்று சில தனிச் சங்கடங்கள் உண்டு. சாலைக் கடைவீதியில் கடை வைத்திருப்பவர்களும் வேலை செய்பவர்களும் வீடு திரும்ப இரவு பத்தாகிறது. பிள்ளைகள் போனில் பேசுவது மலையாளமும் ஆங்கிலமும். பல பெற்றோருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பத்துக்குக் காவல் நிலையத்தில் எப்படிப் பேசுவது என்றே தெரியாது. உறவுக் கூட்டம் ஊரில் இருப்பதால், ஓடிப்போய் ஆலோசனை கேட்கத் தாய்மாமனோ சித்தியோ பக்கத்தில் இல்லை. அந்தத் தாய்மாமன் இடத்தில் சங்கம் நிற்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

வழிகாட்ட முன்மாதிரி இங்கேயே இருக்கிறது. 2022-ம் ஆண்டு கேரளக் கல்வித்துறையின் கைட் நிறுவனம் 'அம்ம அறியான்' என்ற பெயரில் தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி நடத்தியது. அதில் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர்களே அம்மாக்களுக்குப் பாடம் எடுத்தார்கள். நாமும் மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நம் பிள்ளைகளையே தமிழில் பாடம் எடுக்கச் சொல்லலாம். பாட்டி தாத்தாக்கள் முன்வரிசையில் உட்காரட்டும். பிள்ளை நமக்குச் சொல்லிக்கொடுக்கும் வீட்டில், பிள்ளை நம்மிடம் எதையும் சொல்லும்.

இரண்டாவதாக, மலையாளத்தில் மனு எழுதத் தெரிந்த, வாய் இறுகிய இரண்டு மூன்று பேரை, பெண்களும் உட்பட, சங்கம் தேர்ந்து வைக்கலாம். அவர்கள் வேலை குடும்பத்துக்குத் துணையாகப் போவது மட்டும்தான். துப்பறிவதோ சமரசம் பேசுவதோ அல்ல. குற்றம் செய்தவர் சங்க உறுப்பினராகவே இருந்தாலும், 'நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கு இடமே இருக்கக் கூடாது. மூன்றாவதாக, நடந்ததை அறிந்தவர்கள் அதைக் கல்யாண வீட்டில் பேசக் கூடாது. வம்பளப்பதும் அந்தப் படத்தை அனுப்புவதும் ஒன்றே.

எங்கள் வழக்கு இன்னும் விசாரணையில் இருப்பதால் மேற்கொண்டு எழுதவில்லை. மிரட்டல் நின்றுவிட்டது. பையன் பழையபடி சாயங்காலம் கிரிக்கெட் ஆடப் போகிறான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அறுபது வயதைத் தாண்டியவன் பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எளிதல்ல. கேட்ட பிறகு பாரம் இறங்கியது உண்மை. சென்ற வாரம் அவனாகவே வந்து, "தாத்தா, யாரோ தெரியாத ஆள் மெசேஜ் அனுப்பியிருக்கான், பாருங்க" என்று போனை நீட்டினான். பார்த்தால் ஏதோ கடன் கொடுக்கும் கம்பெனியின் விளம்பரம். சிரித்துவிட்டோம். ஆனால் அவன் சங்கிலியை இழுத்தான். வண்டி நின்றது. எனக்கு அது போதும். உங்கள் வீட்டு அபராதப் பலகையை இன்றே கழற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.